தோளைக் காக்கும் கட்டையும் கயிறும்



தென் மாவட்டங்களில் சில ஊர்களில், கோயில் முன்னாலோ ஊர் மந்தையிலோ வழவழப்பான உருண்டைக் கல் ஒன்று கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இளவட்டக்கல் என்பார்கள், கல்யாணக்கல் என்றும் சொல்வதுண்டு. "கல்லைத் தூக்கித் தோள் வழியா பின்னால போடு, அப்புறம் பொண்ணு கேளு" என்று அந்தக் காலத்து மாமனார்கள் சொல்வார்களாம். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி இந்தப் போட்டி இன்றைக்கும் நடக்கிறது. நூறு கிலோவைத் தாண்டிய கல்லும் அங்கே உண்டு. பெண்களும் கல் தூக்குகிறார்கள்.

உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கல் தூக்குவது மட்டும் நிற்கவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. நாளொன்றுக்கு நூறு நெல் மூட்டை லாரியில் ஏற்றுகிறவர், பொழுது சாய்வதற்குள் 4,000 கிலோவைத் தோளில் வாங்கி இறக்கியிருக்கிறார். வீட்டில் அம்மா சும்மாவா இருக்கிறார்? 15 லிட்டர் குடத்தில் பத்து நடை தண்ணீர் என்றால் 150 கிலோ. அதற்கு மேல் விறகு, புல்லுக்கட்டு, இடுப்பில் பிள்ளை. இளவட்டம் கல்லைத் தூக்குவது வருஷத்தில் ஒரு நாள். நீங்கள் தூக்குவது வருஷம் முழுக்க.

அந்தத் தோள் ஒரு நாள் மக்கர் செய்தால் என்ன ஆகும்? ஆணுக்குக் கூலி நிற்கும். பெண்ணுக்குத் தலை பின்ன முடியாது, ரவிக்கை போட முடியாது, பரணில் இருக்கும் பானையை எடுக்க முடியாது. ஆனாலும் குடம் காத்துக்கொண்டிருக்கும். எனவே இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறோம். கனம் தூக்குகிற தோளைக் காப்பாற்றுவது கனமில்லாத கட்டை. தினம் கால்மணி நேரம் போதும். செலவும் பெரிதாக இல்லை.

ஆட்டுக்கல்லும் எலுமிச்சம்பழமும்

தொடை எலும்பு இடுப்பில் சேருகிற இடம் ஆட்டுக்கல் மாதிரி. குழி ஆழம். குழவி உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கும்; லேசில் வெளியே வராது. தோள் மூட்டு அப்படியில்லை. பொங்கல் விளையாட்டில் ஸ்பூனில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த மாதிரி. மேல்கை எலும்பின் தலை பெரிய உருண்டை. அது உட்காருகிற குழியோ ஆழமில்லாத சின்னத் தட்டு. அதனால்தான் கையை மேலே, கீழே, பின்னால் என்று எல்லாப் பக்கமும் சுற்ற முடிகிறது. அதனாலேயேதான் உடம்பிலுள்ள பெரிய மூட்டுகளில் அடிக்கடி இடம் விட்டு விலகுவதும் இதுதான்.

அப்படியானால் பழம் ஏன் கீழே விழுவதில்லை? தோள்பட்டை எலும்பிலிருந்து நான்கு சிறிய தசைகள் கிளம்பி, ஒன்று முன்னால், ஒன்று மேலே, இரண்டு பின்னால் என்று அந்த உருண்டையைப் பிடித்துக் கொண்டிருக்கின்றன. பந்தல் காலுக்கு நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவது போல. ஒரு கயிறு தளர்ந்தாலும் கால் சாயும். இந்த நான்கும் வெளியே தெரியாது. சட்டையைக் கழற்றினால் தெரிகிற மார்பும் புஜமும் வண்டி இழுக்கிற மாடு என்றால், இவை சக்கரத்தின் கடையாணி. மாட்டுக்குத் தீனி போடுகிறவர்கள் உண்டு. கடையாணியைப் பார்க்கிறவர்கள் குறைவு.

இன்னொன்று. கையை மேலே தூக்கும்போது முதுகிலுள்ள தோள்பட்டை எலும்பும் கூடவே திரும்ப வேண்டும். நீங்களே பார்க்கலாம். மனைவியைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டு பக்கத் தோள்பட்டையிலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ரெண்டு கையையும் மெதுவா மேலே தூக்கு" என்று சொல்லுங்கள். கோழி இறக்கை அசைவது மாதிரி எலும்பு நகருவது கைக்குத் தெரியும். பிறகு அவர் உங்களுக்குப் பார்க்கட்டும். ஒரு பக்கம் முன்கூட்டியே துள்ளிக்கொண்டு மேலே போனால், அல்லது எலும்பு முதுகை விட்டுப் புடைத்து நின்றால், அந்தப் பக்கத்துத் தசை தளர்ந்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளலாம்.

"வேலையே எக்சர்சைஸ் தானேங்க?"

இந்தக் கேள்வி கேட்காத ஊர் இல்லை. "விடிஞ்சா மூட்டை, அடைஞ்சா மூட்டை. இதுக்கு மேல எதுக்குங்க தேகப்பயிற்சி?" நியாயமான கேள்விதான். ஆனால் வேலை தோளைச் சமமாக நடத்துவதில்லை. மூட்டை ஏறுவது எப்போதும் ஒரே தோள். குடம் உட்காருவது எப்போதும் ஒரே இடுப்பு. அரிவாள் பிடிப்பது ஒரே கை. முன்பக்கத்துப் பெரிய தசைகள் தடித்து இறுகுகின்றன. பின்பக்கத்துச் சிறியவை வேலையில்லாமல் இளைக்கின்றன. நாளாக ஆகத் தோள் முன்பக்கமாக வளைந்து, முதுகு கூன் விழுந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது மட்டும் "சுரீர்" என்கிறது. மேல்பக்கத்துச் சிறு தசையின் நார், எலும்புக் கூரைக்குக் கீழே ஒரு குறுகிய இடுக்கு வழியாகப் போகிறது. வயதும் மிகையான உழைப்பும் சேர்ந்தால் முதலில் நைந்து போவது பெரும்பாலும் அந்த நார்தான்.

இது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் வருகிற தொல்லை அல்ல. மணிப்பூரில் நாங்போக் காக்சிங் என்ற கிராமத்தில் பிறந்த மீராபாய் சானு, சிறுமியாக இருந்தபோது விறகுக் கட்டு சுமந்தவர். பளு தூக்குதலில் உலகப் புகழ் பெற்ற பிறகும் அவருக்குத் தோளும் முதுகும் தொல்லை கொடுத்தன. 2020-ல் அமெரிக்கா சென்று சிகிச்சையும் பயிற்சியும் எடுத்துக்கொண்டார். தசைகளின் பலம் சமமாக இல்லாததைச் சரிசெய்வதுதான் அங்கே முக்கிய வேலை. மறு வருஷம் ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 49 கிலோ எடைப் பிரிவில், 87 கிலோவும் 115 கிலோவுமாக மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அவ்வளவு பலம் உள்ளவரே சின்னத் தசைக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது.

"எங்க பாட்டி உலக்கை குத்துனவங்க, தோளு இரும்பு மாதிரி" என்று சொல்கிறவர்களும் உண்டு. இருக்கலாம். பாட்டிக்கும் தோள் வலித்திருக்கும். கேட்பதற்குத்தான் ஆள் இருந்திருக்காது.

பரணில் ஏறிய கட்டை

கர்லாக்கட்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தாலிம்கானாவிலும் குஸ்திக் கூடத்திலும் பயில்வான்கள் சுற்றியது. பிடி மெலிந்து, அடி பருத்து இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே இருந்த வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகள் இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஊருக்குக் கொண்டு போனார்கள். அங்கே 'இந்தியன் கிளப்' என்று பெயர் வைத்து, கனத்தைக் குறைத்து, பள்ளிப் பிள்ளைகளும் பெண்களும்கூடச் சுற்றினார்கள். 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்கிலேயே கட்டை சுற்றுவது ஒரு போட்டியாக இருந்தது. நம் ஊரில்தான் அது பரணில் ஏறிவிட்டது.

பயில்வான் கட்டை உங்களுக்கு வேண்டாம். ஆணுக்கு ஒரு கிலோ, பெண்ணுக்கு அரைக் கிலோ. அவ்வளவுதான். இதைச் சொன்னால் சில ஊர்களில் சிரிக்கிறார்கள். "அரைக் கிலோவா? கத்திரிக்காயா வாங்கப் போறோம்?" சிரிக்கட்டும். தராசில் நிறுக்கிற கனம் வேறு, சுற்றும்போது கைக்குத் தெரிகிற கனம் வேறு. கட்டையின் அடி வேகமாகப் போகும்போது கையை மூட்டிலிருந்து வெளியே இழுக்கும். அந்த இழுப்பைப் பிடித்து நிறுத்துகிறவை அந்த நாலு சின்னத் தசைகள்தான். கனத்தைக் கூட்டினால் பெரிய தசைகள் வந்து வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். சின்னவை மறுபடி தூங்கும். ஆகவே இதில் வீரம் காட்டாதீர்கள். வீரத்துக்கு மூட்டை இருக்கிறது.

ஊர் ஆசாரியிடம் சொன்னால் கடைந்து தருவார். நன்றாகக் காய்ந்த, விரிசல் இல்லாத மரமாக இருக்கட்டும். நீளம் ஒன்றரை அடி. பிடியின் நுனியில் ஒரு குமிழ் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வியர்த்த கையிலிருந்து கட்டை பறந்து போய்ப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைமேல் விழும். ஆசாரி இல்லாத ஊரில், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை எடுத்துக் காய்ந்த மணலை நிரப்பி, மூடியை இறுக்கி, கழுத்தில் துணி சுற்றிக் கொள்ளுங்கள். முழுக்க நிரப்பினால் முக்கால் கிலோ அளவுக்கு வரும். பாதி நிரப்பித் தொடங்கலாம். கனம் சரியா என்று பார்க்க ஒரு வழி: கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டி, கட்டையைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுங்கள். எட்டுக்குள் கை நடுங்கினால் அது உங்களுக்கு அதிகம்.

கட்டை தவிர வேறு நான்கு சாமான்கள் வேண்டும். எல்லாம் வீட்டிலேயே கிடக்கும். ஒரு சொம்பு, கைக்கு அடக்கமான ஒரு கம்பு, பழைய சைக்கிள் டியூப், கிணற்றுக் கப்பி. ஊருக்குக் குழாய் வந்தபிறகு பல வீட்டில் கப்பி துருப்பிடித்துத் தொங்குகிறது. அதற்கு ஒரு வேலை கொடுப்போம்.

தோளைத் தளர்த்துவது

முதலில் சொம்பு. திண்ணையிலோ கட்டிலிலோ ஒரு கையை ஊன்றிக் குனிந்து நில்லுங்கள். மறு கையில் வெறும் சொம்பைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். இப்போது கையை ஆட்டாதீர்கள், உடம்பை ஆட்டுங்கள். உடம்பு அசைய அசையக் கை கோயில் மணியின் நாக்கு மாதிரி தானாக ஆட வேண்டும். முன்னும் பின்னும் பத்து, பக்கவாட்டில் பத்து, வட்டமாகப் பத்து. தோளில் வலி இருப்பவர்களும் இதைச் செய்யலாம். மூட்டை ஏற்றப் போகும் முன்னால் இரண்டு நிமிஷம் செய்துவிட்டுப் போனால், குளிர்ந்து கிடக்கும் தோளுக்குத் திடீரென்று சுமை விழாது.

அடுத்தது கப்பி. வேப்பமரக் கிளையிலோ வீட்டு விட்டத்திலோ பலமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். (முதலில் ஒரு வாளித் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டு, கிளை தாங்குகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.) கயிற்றின் இரண்டு முனையிலும் ஒரு சாண் குச்சியைக் கட்டுங்கள். அதற்கு நேர் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு குச்சியையும் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் கீழே இழுங்கள். இறுகிய கை தானாக மேலே போகும். அந்தக் கை வேலை செய்யக் கூடாது. சவாரிதான் செய்ய வேண்டும். இழுவை தெரிகிற இடத்தில் நிறுத்தி ஐந்து எண்ணிவிட்டு மெதுவாக இறக்குங்கள். பத்து அல்லது பதினைந்து முறை. பெரிய ஆஸ்பத்திரிகளில் இயன்முறைப் பிரிவுக்குப் போனால் சுவரில் இதே கப்பியும் கயிறும் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

இந்தக் கப்பியை நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாற்பது முதல் அறுபது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக, 'உறைந்த தோள்' என்ற ஒரு தொல்லை வருகிறது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். முதலில் இராத்தூக்கம் கெடுகிற வலி. பிறகு வலி கொஞ்சம் அடங்கி, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு தடித்துச் சுருங்கி, கை எந்தப் பக்கமும் போகாமல் கதவு துருப்பிடித்த மாதிரி நின்றுவிடும். யார் பிடித்துத் தூக்கினாலும் போகாது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். பெரும்பாலும் படிப்படியாகத் தளரும். பொறுமையாக, தினமும், வலியைக் கிளறாத அளவுக்கு அசைப்பதே வழி. சுளுக்கு எடுப்பவரிடம் போய்க் கையை வெடுக்கென்று இழுக்க விடாதீர்கள்; சவ்வு கிழியும், வயதானவர்களுக்கு எலும்பே உடையலாம். காரணமில்லாமல் தோள் இறுகினால் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுங்கள். தோளுக்காக வந்த இடத்தில் சர்க்கரை வியாதி தெரியவருவதும் உண்டு.

கை எவ்வளவு உயரம் போகிறது என்று தெரிந்துகொள்ளச் சுவரே போதும். சுவரைப் பார்த்து நின்று, பல்லி ஏறுவது மாதிரி விரல்களால் மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு. வாரம் ஒரு தடவை. கோடு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தால் உற்சாகம் தானாக வரும். வெள்ளையடித்த சுவர் ஆயிற்றே என்று பார்க்காதீர்கள்.

பலப்படுத்துவது

சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டித் தூணில் முழங்கை உயரத்தில் கட்டுங்கள். தூணுக்குப் பக்கவாட்டில் நின்று, தூணுக்குத் தூரமாக உள்ள கையால் முனையைப் பிடியுங்கள். முழங்கை மடங்கி விலாவோடு ஒட்டியிருக்கட்டும். ஒரு துண்டை மடித்து முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே செருகிக்கொண்டால் அது விழாமல் இருக்கிறதா என்பதே உங்களுக்கு வாத்தியார். இப்போது முன்கையை மட்டும், கதவு திறப்பது மாதிரி, வெளிப்பக்கம் திருப்புங்கள். திரும்பி வரும்போது டியூப் இழுக்கிற வேகத்துக்கு விடாதீர்கள். மூன்று எண்ணி மெதுவாக வாருங்கள். அந்தத் திரும்பி வருவதில்தான் பலன் அதிகம். பன்னிரண்டு முறை, பிறகு மறு கை. பின்பக்கத்துச் சின்னத் தசைகளுக்கு இதைவிட நேரான பயிற்சி கிடையாது.

அப்புறம் தூணைப் பார்த்து நின்று, டியூபின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, கிணற்றில் வாளி இழுப்பது போல வயிற்றை நோக்கி இழுங்கள். தோள்பட்டைகள் இரண்டும் முதுகின் நடுவில் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இதுவும் பன்னிரண்டு. தண்டால் எடுக்கிற வழக்கம் உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: தண்டால் தள்ளுகிற பயிற்சி. தள்ளுகிற அளவுக்கு இழுக்கவும் வேண்டும்.

கம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்து, தொடையிலிருந்து தலைக்கு மேல் வரை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், பத்து முறை. சிலம்பக் கம்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் விளக்குமாற்றுக் கட்டையும் கம்புதான். உலக்கை வேண்டாம், கனம்.

கட்டை சுற்றுவது

இதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். களத்துமேடு, வாசல், மொட்டை மாடி எதுவானாலும் சரி. பிள்ளைகளையும் கோழிகளையும் தள்ளி விரட்டிவிட்டுத் தொடங்குங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை இறுக்காமல், வயிற்றை லேசாக உள்ளே இழுத்து நில்லுங்கள். பிடி தளர்வாக இருக்கட்டும். கட்டையைக் கழுத்தை நெரிப்பது மாதிரி பிடித்தால் முன்கைதான் வலிக்கும்.

முதல் வாரம் ஊஞ்சல் மட்டும். கட்டையைக் கீழே தொங்கவிட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் போக வேண்டாம். இது பயிற்சியே இல்லை என்று தோன்றும். தோன்றட்டும்.

இரண்டாவது வாரம் பெரிய வட்டம். உடம்புக்கு முன்னால், கடிகார முள் சுற்றுவது போல, கையை நீட்டி முழு வட்டம் போடுங்கள். உள்பக்கமாகப் பத்து, வெளிப்பக்கமாகப் பத்து. கட்டையைக் கீழே விழ விடுங்கள், விழுகிற வேகத்திலேயே மேலே ஏறும். நீங்கள் தள்ள வேண்டியதில்லை, வழி காட்டினால் போதும்.

மூன்றாவது வாரத்திலிருந்து முதுகுச் சுற்று. கர்லாவின் உயிரே இதுதான். கட்டையைக் காதுக்கு முன்னால் நிமிர்த்திப் பிடியுங்கள், முழங்கை மடங்கியிருக்கட்டும். முழங்கையை மேலே உயர்த்திக் கட்டையைத் தலைக்குப் பின்னால் விழ விடுங்கள். அது முதுகின் நடுவில் தலைகீழாகத் தொங்கும். குளிக்கும்போது முதுகு தேய்க்கக் கை போகிற அதே இடம். அங்கிருந்து மறு தோளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து பழைய இடத்தில் நிற்க வேண்டும். ஒரு கைக்கு ஐந்து முறை தொடங்கி, மாதக் கடைசியில் பதினைந்து வரை போகலாம். பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள். ஒரு கட்டை நன்றாகப் பழகாமல் இரண்டு கட்டையை ஒன்றாக எடுக்காதீர்கள்; பின்மண்டையில் படும். தோள்பட்டை எலும்பும் மேல்கை எலும்பும் சேர்ந்து திரும்ப வேண்டும் என்று மேலே சொன்னோமே, அந்தச் சேர்க்கையை இந்தச் சுற்று நன்றாகப் பழக்கும்.

வலிக்கு ஒரு கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். செய்யும்போது லேசான இழுவை இருந்தால் பரவாயில்லை. குத்தல் வந்தால் நிறுத்துங்கள். மறுநாள் காலையிலும் வலி நின்றிருந்தால் அன்றைக்கு எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பயிற்சி பலன் தர ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கலைங்க" என்று சொல்லக் கூடாது. கட்டை சுற்றினால் சர்க்கரை பறக்கும், இரத்தக் கொதிப்பு மறையும் என்று விற்கிறவர் சொன்னால் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இது தோளுக்கான கட்டை.

இருவருமாக

ஒருவர் சுற்ற ஒருவர் எண்ணுவது நல்லது. எண்ணுகிறவர் பின்னால் நான்கடி தள்ளி நின்று, "வலது தோளு தூக்குது பாருங்க", "முதுகை வளைக்காத" என்று சொல்லலாம். தன் முதுகைத் தானே யாராலும் பார்க்க முடியாதே. மாலையில் செய்ய வசதிப்படாதவர்கள் விடியற்காலையில் செய்யலாம். அந்தக் கால்மணி நேரத்துக்கு அடுப்பை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். முதல் பாதியில் அவர் பார்க்கட்டும், பின் பாதியில் நீங்கள் பாருங்கள்.

சுமையிலும் இந்த முறை வேண்டும். மூட்டையைத் தலைக்கு ஏற்றும்போது ஒருவராக முயலாதீர்கள். "கொஞ்சம் கை குடுங்க" என்று கேட்பதில் குறைவு ஒன்றுமில்லை. சுமையை உடம்போடு ஒட்டி எடுங்கள், முழங்காலை மடக்குங்கள், மூட்டையோடு இடுப்பை முறுக்காதீர்கள், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். ஒரு நடை வலத்தோள் என்றால் அடுத்த நடை இடத்தோள். குடமும் அப்படியே. மருந்து தெளிப்பானை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள், இரண்டு பட்டையும் அதற்காகத்தான் இருக்கிறது.

சில சந்தேகங்கள்

"பொம்பளைங்க கட்டை சுத்தினா கர்ப்பப்பை எறங்கிடுமாமே?" அரைக் கிலோ கட்டையால் கர்ப்பப்பை இறங்காது. பிரசவமான புதிதில் பெரிய குடமும் விறகுக் கட்டும் தூக்குவதுதான் ஆபத்து. பயப்பட வேண்டியது அதற்கு. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் கழித்து, கிராம சுகாதார செவிலியரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். ஆபரேஷன் மூலம் பிரசவம் ஆனவர்கள் மருத்துவர் சொல்லும் வரை பொறுக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். அந்த மாதங்களில் குடத்தைக் கணவர் தூக்கட்டும்.

"ஆம்பளை குடும்பநல ஆபரேஷன் பண்ணிக்கிட்டா மூட்டை தூக்குற பலம் போயிடுமில்ல?" போகாது. வாசெக்டமியில் விந்தணு வருகிற குழாயை மட்டும் அடைக்கிறார்கள். ஆண்மைக்கும் தசை பலத்துக்கும் காரணமான சுரப்பு இரத்தத்தின் வழியாகப் போகிறது. அதை யாரும் தொடுவதில்லை. தழும்பில்லாத இப்போதைய முறையில் தையலும் கிடையாது, அன்றே வீடு திரும்பலாம். ஒரு வாரத்துக்கு மட்டும் மூட்டையும் வேண்டாம், கட்டையும் வேண்டாம். ஆபரேஷன் ஆனதும் உடனே முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடாது; மூன்று மாதம் வரை வேறு கருத்தடை முறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த பயத்தால் ஆண் ஒதுங்கிக்கொள்ள, வயிற்றைத் திறந்து செய்கிற பெரிய ஆபரேஷன் பெண் தலையில் விழுகிறது. அதற்குப் பிறகு அவரும் குடம் தூக்க வேண்டியவர்தானே.

எப்போது கட்டையைக் கீழே வைக்க வேண்டும்?

இடது தோளிலோ கையிலோ வலி வந்து, கூடவே நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் அது தோள் வலி அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். விழுந்தபிறகு தோளின் உருவம் மாறியிருந்தாலும், கையைத் தூக்கவே முடியாமல் போனாலும், கை மரத்து விரல்கள் பலமிழந்தாலும், காய்ச்சலோடு மூட்டு வீங்கிச் சிவந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இராத்திரி வலி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும் காட்டுங்கள். மெடிக்கல் கடையில் வலி மாத்திரையை வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். வலியை மறைத்துக்கொண்டு நைந்த நாரின் மேல் மூட்டையை ஏற்றினால் நார் அறுந்தே போகலாம். மாத்திரை தொடர்ந்தால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

பயிற்சியை நேரில் காட்டச் சொல்லிப் பழக விரும்புகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நடந்து வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்க்கும் வசதி உண்டு. அவர் வரும்போது உங்கள் கட்டையையும் டியூபையும் எடுத்துக் காட்டுங்கள். கனம் சரியா, முழங்கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்.